மாடியில் இருக்கும் மூன்றாம் வகுப்பு

வாசகர் கடிதம்:

வணக்கம் அம்மா. நாங்கள் கடலூர் முதுநகர் பக்கம். என் மகளுக்கு எட்டு வயது. பிறக்கும்போது மூச்சுத் திணறல் வந்து, மூளை முடக்குவாதம் என்று சொல்லிவிட்டார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். வலது கையால் வேகமாக எழுத வராது. பேச்சு கொஞ்சம் குழறும். ஆனால் எல்லாம் புரியும், வாய்ப்பாடு பன்னிரண்டு வரை தடங்கல் இல்லாமல் சொல்வாள். எல்.கே.ஜி.யில் இருந்து வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் பள்ளியில்தான் படிக்கிறாள். வரும் ஜூனில் மூன்றாவது போகிறாள். மூன்றாவது வகுப்பு மாடியில் இருக்கிறது. பத்தொன்பது படி. "தூக்கிக்கொண்டு போக எங்களிடம் ஆள் இல்லை. பக்கத்திலேயே இருந்து உதவ நீங்களே ஒரு ஷேடோ டீச்சர் வைத்துக்கொள்ளுங்கள், மாதம் பன்னிரண்டாயிரம் ஆகும். முடியாதென்றால் டி.சி. வாங்கிக்கொண்டு ஸ்பெஷல் ஸ்கூலில் சேர்த்துவிடுங்கள்" என்று தாளாளர் சொல்கிறார். என் கணவர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, சம்பளம் பதினெட்டாயிரம். ஜிப்மர் டாக்டர் ஊனச் சான்று வாங்கிக்கொள்ளச் சொன்னார். பொம்பளப் பிள்ளைக்கு முத்திரை குத்திவிட்டால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார் என்று மாமியார் தடுக்கிறார். அரசாங்கத்தில் பண உதவி கிடைக்குமா? வக்கீல் வைக்க எங்களுக்கு வசதியில்லை. "மூணாவது மட்டும் ஏம்மா மாடியில இருக்கு?" என்று மகள் தினமும் கேட்கிறாள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.

பெயர் வெளியிட விரும்பாத தாய், கடலூர்

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. டி.சி. கேட்டு நீங்களாக விண்ணப்பிப்பது போன்ற எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சொந்தக் காரணங்களுக்காக" என்று அச்சடித்த ஒரு படிவம் இருக்கும். அதில் உங்கள் கையெழுத்து விழுந்துவிட்டால், பள்ளி உங்களை வெளியே அனுப்பியதாக இருக்காது, நீங்களே விரும்பிப் போனதாக ஆகிவிடும். அதற்குப் பிறகு நான் மட்டுமல்ல, யார் வந்து வாதாடினாலும் கடினம். நீட்டினால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சண்டை வேண்டாம், அழவும் வேண்டாம்.

இப்போது சட்டம். உங்கள் மகளுக்காக இரண்டு சட்டங்கள் பேசுகின்றன. இரண்டிலும் பிரிவு எண் 16தான், நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

ஒன்று, 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு வெளியேற்றக் கூடாது என்கிறது அதன் 16ஆவது பிரிவு. ஐந்திலும் எட்டிலும் ஃபெயில் போடலாமா கூடாதா என்று 2019இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். அப்போதும் வெளியேற்றக் கூடாது என்ற வரியில் யாரும் கை வைக்கவில்லை. "டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள்" என்று நெருக்குவது வேறு பெயரில் வெளியேற்றுவதுதான்.

இன்னொன்று, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. மூளை முடக்குவாதம் அதன் அட்டவணையில் பெயர் சொல்லியே இருக்கிறது. அரசிடம் நிதி வாங்கும் பள்ளி மட்டுமல்ல, அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளியும் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பாகுபாடு இல்லாமல் சேர்த்து, மற்ற பிள்ளைகளோடு படிக்க வைக்க வேண்டும், கட்டடத்தை அவர்கள் புழங்கும்படி வைக்க வேண்டும், ஒவ்வொரு குழந்தையின் தேவைக்குத் தகுந்தபடி நியாயமான வசதியைச் செய்து தர வேண்டும் என்று இந்தச் சட்டத்தின் 16ஆவது பிரிவு சொல்கிறது. "நாங்கள் தனியார், எங்களுக்கு அரசுப் பணம் ஒரு ரூபாய்கூட வருவதில்லை" என்று தாளாளர் சொல்லலாம். அங்கீகாரம் வாங்கியிருக்கிறாரா இல்லையா என்பதுதான் கேள்வி. உங்கள் பள்ளி சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி என்றால், 2014இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி கல்வி உரிமைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. அப்படி இருந்தாலும் இந்த இரண்டாவது சட்டம் பொருந்தும். அதனால் மனு எழுதும்போது இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

"நியாயமான வசதி" என்ற சொல்லில்தான் உங்கள் விஷயத்தின் உயிரே இருக்கிறது. குழந்தைக்குத் தேவையான மாற்றத்தைச் செய்ய வேண்டும், ஆனால் செய்பவர்மீது அளவுக்கு மீறிய சுமை விழக் கூடாது என்பது அதன் பொருள். பத்தொன்பது படி என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தொன்பது படிக்குப் பள்ளி லிஃப்ட் வைக்க வேண்டியதில்லை, ஆள் போட்டுத் தூக்க வேண்டியதும் இல்லை. மூன்றாம் வகுப்பைக் கீழே கொண்டுவந்து, கீழே இருக்கும் வேறொரு வகுப்பை மேலே அனுப்பினால் போதும்.

இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் பண்ருட்டி பக்கம் ஒரு பையன், தசைச் சிதைவு நோய். வகுப்பு மாடியில் இருந்தது, காலையில் அப்பா தூக்கிக்கொண்டு போய் உட்கார வைப்பார், மதியம் சிறுநீர் கழிக்க இறக்க ஆள் இல்லை என்பதால் அந்தப் பிள்ளை காலையில் இருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்தான். தண்ணீர் பாட்டில் திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வருவதைப் பார்த்துத்தான் அம்மாவுக்கு விஷயமே தெரிந்தது. நாங்கள் அனுப்பியது ஒரே ஒரு பக்கக் கடிதம். அடுத்த சனிக்கிழமை அப்பாவும் இரண்டு ஆசிரியர்களும் சேர்ந்து பெஞ்சுகளைக் கீழே இறக்கினார்கள். கரும்பலகையில் "7 ஆ" என்று இருந்ததை அழித்துவிட்டு "5 அ" என்று எழுதினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. ஆன செலவு, வந்தவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்ததுதான்.

இனி ஷேடோ டீச்சர். மாற்றுத்திறனாளிகள் சட்டத்துக்காக 2017இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விதிகளில் மூன்றாவது விதி இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. நியாயமான வசதி செய்து தருவதற்கு ஆகும் செலவை, முழுதாகவோ ஒரு பகுதியாகவோ, மாற்றுத்திறனாளியிடம் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்கிறது அது. பதினெட்டாயிரம் சம்பளத்தில் பன்னிரண்டாயிரம் கேட்பது இரக்கமில்லாதது என்பது ஒரு பக்கம். சட்டப்படியும் கேட்க முடியாது.

அதே நேரம் உங்களிடம் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார ஒரு ஆளைப் பள்ளியே சம்பளம் கொடுத்து வைக்க வேண்டும் என்று நாம் கேட்டால், சின்னப் பள்ளிக்கு அது அளவு மீறிய சுமை என்று அவர்கள் வாதாட இடம் கிடைக்கும். உங்கள் மகளுக்கு அப்படி ஓர் ஆள் தேவையும் இல்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தபோது தோன்றியது. அவளுக்கு வேண்டியது தரைத்தள வகுப்பு, கழிப்பறைக்குப் போக ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஆயாவின் கை, கழிப்பறைச் சுவரில் ஒரு கம்பி, எழுதக் கொஞ்சம் கூடுதல் நேரம், எழுத முடியாததை வாயால் சொல்ல அனுமதி. இவ்வளவையும் கேளுங்கள், இதற்கு மேல் இப்போது கேட்காதீர்கள். சிறியதாகவும் தெளிவாகவும் கேட்டால் மறுப்பதற்குக் காரணம் கிடைக்காது.

கேட்பதை வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள். இதுவரை தாளாளர் உங்களிடம் சொன்னதெல்லாம் காற்றோடு போன பேச்சு. நாளைக்கே "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்பார். இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு, என் மகள் உங்கள் பள்ளியில் எல்.கே.ஜி. முதல் படித்து வருகிறாள். அவளுக்கு மூளை முடக்குவாதம் இருக்கிறது. வரும் கல்வியாண்டில் அவள் போக வேண்டிய மூன்றாம் வகுப்பு மாடியில் உள்ளது. படிக்கட்டு ஏற முடியாது என்ற காரணத்தால், சொந்தச் செலவில் உதவியாளர் வைக்க வேண்டும் அல்லது மாற்றுச் சான்றிதழ் பெற வேண்டும் என்று இந்தத் தேதியில் எங்களிடம் கூறினீர்கள். மாற்றுச் சான்றிதழ் பெற எங்களுக்கு விருப்பம் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16இன்படியும், கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16இன்படியும், மூன்றாம் வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தரவும், கீழ்க்கண்ட வசதிகளைச் செய்து தரவும் வேண்டுகிறேன். பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலமாகப் பதில் தரவும்."

அவ்வளவுதான். கீழே நான் மேலே சொன்ன வசதிகளை உங்கள் வார்த்தையில் எழுதுங்கள். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைக் கொடுத்து, மற்றொன்றில் பள்ளி முத்திரையோடு தேதி போட்டு வாங்குங்கள். வாங்க மறுத்தால் முதுநகர் தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளையின் டயரியில் ஆசிரியர் எழுதிய குறிப்பு, பள்ளியில் இருந்து வந்த வாட்ஸ்அப் செய்தி இருந்தால் அழித்துவிடாதீர்கள். என் அனுபவத்தில் பாதிப் பள்ளிகள் இந்தக் கடிதத்தோடு இறங்கி வந்துவிடுகின்றன. மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை மீறினால் முதல் முறை பத்தாயிரம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறை ஐம்பதாயிரத்தில் இருந்து ஐந்து லட்சம் வரையும் அபராதம் என்று அதன் 89ஆவது பிரிவு சொல்கிறது. அதை முதல் கடிதத்தில் எழுத வேண்டாம் என்பது என் கருத்து. உங்கள் மகள் இன்னும் பல வருடம் அதே ஆசிரியர்களிடம்தான் படிக்கப் போகிறாள்.

பதினைந்து நாளில் பதில் இல்லையென்றால், அதே கடிதத்தின் நகலோடு மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அவர்களுக்கு ஒரு மனு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளிலும் ஒரு மனு கொடுங்கள். அங்கே கொடுக்கும் மனுவுக்கு எண் கிடைக்கும், அந்த எண்தான் முக்கியம். அதற்கும் அசையவில்லையென்றால் சென்னையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையருக்கு எழுதலாம். அவரைப் பலர் வெறும் துறை அதிகாரி என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாட்சியை வரவழைப்பதிலும் ஆவணத்தைக் கேட்டு வாங்குவதிலும் அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் இருக்கிறது. அவர் பரிந்துரை செய்தால் மூன்று மாதத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், ஏற்கவில்லையென்றால் ஏன் ஏற்கவில்லை என்று அதே மூன்று மாதத்துக்குள் உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். இதற்கு வக்கீல் தேவையில்லை. தமிழில் எழுதித் தபாலில் அனுப்பினாலே போதும்.

வக்கீல் வைக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆவது பிரிவில், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் பட்டியலில் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் மூவருமே இருக்கிறார்கள். இந்த மூன்று வகையினருக்கும் வருமான வரம்பு கிடையாது. நீங்கள் பெண், உங்கள் மகள் குழந்தை, மாற்றுத்திறனாளி. எந்த வழியில் பார்த்தாலும் உங்களுக்கு உரிமை உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணுக்கு அடித்தும் கேட்கலாம். அப்படி நியமிக்கப்படும் வக்கீல் உங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கேட்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலாளரிடம் சொல்லுங்கள்.

சரி, இப்போது சான்று விஷயம். உங்கள் கடிதத்தில் என்னை அதிக நேரம் யோசிக்க வைத்தது இதுதான்.

மேலே நான் சொன்ன எதற்கும் சான்று கட்டாயம் இல்லை. 16ஆவது பிரிவு "மாற்றுத்திறனாளிக் குழந்தை" என்றுதான் சொல்கிறது, பாதிப்பு 40 சதவீதம் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. ஜிப்மர் மருத்துவரின் சீட்டை வைத்தே கீழ்த்தள வகுப்பைக் கேட்கலாம். 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் என்ற குடிமைப் பணித் தேர்வர் தொடுத்த வழக்கில், 40 சதவீதத்துக்குக் குறைவு என்ற காரணத்தால் தேர்வு எழுத உதவியாளரை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதே அடிப்படையில்தான். ஆனால் அரசிடம் பணமோ கருவியோ கேட்கும்போது சான்று வேண்டும், அதில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மரியாதையாக நடத்தச் சொல்லக் காகிதம் தேவையில்லை, காசு கேட்கக் காகிதம் தேவை. உங்கள் மாமியாரிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள்.

அவர் பயப்படுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். நம் ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் எதையெல்லாம் விசாரிப்பார்கள் என்று அவர் உங்களைவிட அதிகம் பார்த்திருப்பார். பேத்திமேல் பாசம் இருப்பதால்தான் தடுக்கிறார். ஆனால் பிள்ளை சுவரைப் பிடித்து நடப்பது தெருவுக்கே தெரியும். அந்த அட்டை வீட்டுப் பீரோவில் இருக்கும் ஒரு பொருள், நீங்கள் எடுத்துக் காட்டினால் ஒழிய யாருக்கும் தெரியாது. பெயர்ப் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டமாட்டார்கள். காட்ட வேண்டிய இடத்தில் காட்டலாம், வேண்டாத இடத்தில் காட்டாமல் இருக்கலாம்.

சான்று வாங்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்கிறேன். என்னிடம் வந்த ஒரு பெண்ணுக்கும் இதே போலக் கை வேகம் குறைவு. இதே காரணத்தால் வீட்டில் சான்று வாங்கவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு முந்தைய டிசம்பரில்தான் ஓடி வந்தார்கள். கூடுதல் நேரம் கேட்பதற்கான விண்ணப்பத்தோடு வைக்கக் கையில் எதுவும் இல்லை. மருத்துவக் குழுவுக்குத் தேதி கிடைத்துச் சான்று வருவதற்குள் தேர்வு தொடங்கிவிட்டது. கணக்குத் தேர்வில் கடைசி மூன்று கேள்விகளை அவள் தொடவே இல்லை. தெரியாமல் அல்ல. மணி அடித்துவிட்டது. தமிழ்நாட்டில் அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகவும், சொல்வதை எழுத ஓர் ஆளும், மொழிப்பாட விலக்கும் தருகிறது. அவளுக்கு அது எல்லாமே கிடைத்திருக்கும். இதையும் உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள். படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு வரும் கஷ்டம் அவருக்குத் தெரியாததா?

சான்று வாங்குவது முன்பு போலச் சிரமம் இல்லை. யு.டி.ஐ.டி. எனப்படும் தேசிய அடையாள அட்டைக்கு இ-சேவை மையத்திலோ வீட்டில் செல்போனிலோ விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, ஜிப்மர் சீட்டுகள் போதும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலும் பரிசோதனைக்குப் போகலாம், சிகிச்சை பெறும் அரசு மருத்துவமனையிலும் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. எங்கே கொடுத்தாலும் நாடு முழுக்கச் செல்லும். ஒன்றில் மட்டும் கவனம். மருத்துவர் முன்னால் பிள்ளையை "நல்லா நடந்து காட்டு" என்று சொல்லாதீர்கள். நம் பிள்ளை கெட்டிக்காரி என்று காட்டும் ஆசை எல்லா அம்மாவுக்கும் வரும், அன்றைக்கு ஒரு நாள் அடக்கிக்கொள்ளுங்கள். வீட்டில் எப்படி நடக்கிறாளோ, சட்டை பட்டன் போட எவ்வளவு நேரம் ஆகிறதோ, அதைச் சொல்லுங்கள். சதவீதம் குறைவாகப் போட்டுவிட்டதாகத் தோன்றினால் மேல்முறையீடு செய்யலாம். குழந்தைகளுக்குச் சில சமயம் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள், முடியும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள்.

அடுத்து பணம். சான்று கையில் வந்ததும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போங்கள். கல்வி உதவித்தொகை வகுப்புக்குத் தகுந்தபடி கிடைக்கும், ஒவ்வொரு வருடமும் விண்ணப்பிக்க வேண்டும். பாதிப்பு 75 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இருக்கிறது, உங்கள் மகள் அதில் வருவாளா என்பது சதவீதத்தைப் பார்த்துத்தான் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்குப் போகும்போது ஒன்றிய அரசின் உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம், குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் இப்போதைய வருமானம் அதற்குள் வருகிறது.

பலருக்குத் தெரியாத ஒன்று நிராமயா காப்பீடு. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளை நடத்துவது. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. மற்ற காப்பீடுகளில் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம், இதில் தெரபிக்குப் போய்வரும் செலவுக்கும் இடம் இருக்கிறது. ஜிப்மருக்குப் போய்வரும் உங்களுக்கு இதுதான் உடனடியாகக் கை கொடுக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் அடையாள அட்டை காட்டினால் உங்கள் மகளுக்கும் கூட வரும் ஒருவருக்கும் டிக்கெட் கிடையாது, அதையும் விட்டுவிடாதீர்கள்.

"தனியார் பள்ளிக் கட்டணத்தை அரசு கட்டுமா" என்பது நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி, ஆனால் மனதில் இருக்கும். 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு உள்ள குழந்தைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்று 2016 சட்டத்தின் 31ஆவது பிரிவு சொல்கிறது. அதை வைத்துத் தனியார் பள்ளிக் கட்டணம் முழுவதும் ரத்தாகிவிடும் என்று யாராவது நம்பிக்கை கொடுத்தால் அவசரப்பட வேண்டாம். அந்த இலவசத்தை உறுதிசெய்யும் கடமை அரசுக்கும் உள்ளாட்சிக்கும்தான். நடைமுறையில் அது கிடைப்பது அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும். கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் ஒதுக்கும் 25 சதவீத இடத்தில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் உரிமை உண்டு, 2012இல் அந்தச் சட்டத்தைத் திருத்திச் சேர்த்தார்கள். அது எல்.கே.ஜி. போன்ற நுழைவு வகுப்புக்கு மட்டும்தான். உங்கள் மகள் அதைத் தாண்டிவிட்டாள். சின்னக் குழந்தை வைத்திருக்கும் மற்ற வாசகர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் பணமும் அரசு, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கில் வரும் அந்த நிதியில், ஒரு மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை ஒதுக்கீடு. இது கையில் தரும் பணம் இல்லை. மதிப்பீட்டு முகாம், காலில் மாட்டும் காலிபர், வாக்கர், சக்கர நாற்காலி, போக்குவரத்துப் படி, துணைக்கு வருபவருக்கான படி என்று பிரியும். பெண் குழந்தைகளுக்குத் தனியாக மாதம் 200 ரூபாய், பத்து மாதத்துக்கு, வங்கிக் கணக்கில் வரும். வட்டார வள மையத்தில் இயன்முறைப் பயிற்சி உண்டு, சிறப்பாசிரியர் பள்ளிக்கு வருவார். இந்தத் தொகைகள் போதவே போதாது என்று நான் வருடக்கணக்காகச் சொல்லி வருகிறேன், இங்கேயும் சொல்கிறேன். மாதம் 200 ரூபாயில் முதுநகரில் இருந்து மஞ்சக்குப்பத்துக்கு எத்தனை முறை ஆட்டோவில் போய்வர முடியும்? அதுவும் போதாதென்று, 2024-25ஆம் ஆண்டுக்கு இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,000 கோடிக்கு மேற்பட்ட நிதியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்து, மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போக வேண்டி வந்தது. இரண்டு அரசுகளின் வழக்குக்கு நடுவில் சிக்கியது இந்தப் பிள்ளைகளின் பணமும்தான்.

சிறப்பாசிரியர் விஷயத்திலும் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தொடக்க வகுப்புகளில் பத்துக் குழந்தைக்கு ஒருவர், அதற்கு மேல் பதினைந்து குழந்தைக்கு ஒருவர் என்று ரஜ்னீஷ் குமார் பாண்டே வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் மாநிலங்களுக்கு மறுபடியும் உத்தரவு போட வேண்டியிருந்தது. நிலைமை இதுதான் என்பதால், அரசுப் பள்ளிக்கு மாற்றினால் தினமும் ஒரு சிறப்பாசிரியர் பக்கத்தில் இருப்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஒருவரே பல பள்ளிகளுக்குச் சுற்றி வருவார்.

அப்படியானால் மாற்றலாமா, வேண்டாமா? இவர்கள் துரத்துகிறார்கள் என்பதற்காக மாற்றாதீர்கள். நான்கு வருடமாக அவளுக்குத் தெரிந்த தோழிகளும் அவள் பேச்சைப் புரிந்துகொள்ளும் ஆசிரியர்களும் அங்கேதான் இருக்கிறார்கள், குழறிப் பேசும் பிள்ளைக்கு அது பெரிய சொத்து. ஆனால் ஒருநாள் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளிக்குப் போய்ச் சாய்தளம் இருக்கிறதா, கழிப்பறையில் கம்பி இருக்கிறதா, தலைமை ஆசிரியர் உங்கள் மகளிடம் நேராகப் பேசுகிறாரா, இல்லை உங்களிடம் மட்டும் பேசுகிறாரா என்று பாருங்கள். நல்ல பள்ளியாகத் தெரிந்தால் அது உங்கள் விருப்பத் தேர்வாக இருக்கட்டும். ஸ்பெஷல் ஸ்கூல் பற்றித் தாளாளர் சொன்னதை நான் ஏற்கவில்லை. வாய்ப்பாடு பன்னிரண்டு வரை சொல்லும் பிள்ளைக்குத் தடை படிக்கட்டுதான். சிறப்புப் பள்ளியா பக்கத்துப் பள்ளியா என்று தேர்ந்தெடுக்கும் உரிமையைச் சட்டம் குழந்தையின் பக்கம்தான் கொடுத்திருக்கிறது, பள்ளியின் பக்கம் கொடுக்கவில்லை.

எந்தப் பள்ளியில் இருந்தாலும் எமிஸ் எனப்படும் பள்ளிக் கல்வித் துறையின் கணினி மாணவர் பதிவில் அவளுடைய குறைபாடு பதிவாகியிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பல பள்ளிகள் அதை "இல்லை" என்றே விட்டுவிடுகின்றன. பதிவில் இல்லாத பிள்ளைக்கு எந்தத் திட்டத்திலும் கணக்கு இல்லை.

புதுச்சேரி வாசகர்கள் சிலரும் இதே போல எழுதியிருக்கிறார்கள். பாகூராக இருந்தாலும் வில்லியனூராக இருந்தாலும் சட்டம் ஒன்றுதான். மனு போக வேண்டியது புதுச்சேரிப் பள்ளிக் கல்வி இயக்ககத்துக்கும் அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கும். உயர் நீதிமன்றம் உங்களுக்கும் சென்னைதான். அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டதால், தேர்வில் கூடுதல் நேரம் மணிக்கு இருபது நிமிடம் என்று கணக்கு.

சகோதரி, கடிதத்தை இந்த வாரமே எழுதிக் கொடுங்கள். பள்ளி திறப்பதற்கு முன்னால் வகுப்பறைகளை மாற்றுவது அவர்களுக்கும் சுலபம், ஜூனில் பிள்ளைகள் உட்கார்ந்த பிறகு கேட்டால் "அடுத்த வருடம் பார்க்கலாம்" என்பார்கள். கடைசியில் மகள் கேட்ட கேள்வியையும் அவள் சொன்ன வார்த்தையிலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: மூணாவது மட்டும் ஏம்மா மாடியில இருக்கு? தாளாளரும் அதற்கு எழுத்தில் பதில் சொல்லட்டும்.